தீக்குச்சி மருந்திலிருந்து சீரம் பாட்டில் வரை: மூணு புரிக் கயிற்றைக் கண்டுபிடித்த ஜி.என்.ஆர்.



சீரம் பாட்டில் இல்லாத ஹாஸ்டல் ரூம் இப்போ அபூர்வம். ரெட்டினால், வைட்டமின் சி, பெப்டைட், கொலாஜன் பூஸ்டர்னு லேபிளில் ஏகப்பட்ட பெயர். 20 வயசிலேயே முகச் சுருக்கத்துக்குப் பயந்து, வீட்டில் இருந்து வர்ற பணத்தில் பாதியை இதில் போடுறவங்க நம்ம கிளாஸிலேயே இருக்காங்க. இந்த பாட்டில்கள் சொல்ற வாக்குறுதிகளில் பெரும்பாலானவை கடைசியில் வந்து நிற்பது ஒரே பொருளில்தான்: கொலாஜன்.

விருதுநகர் மாவட்டத்துக்காரங்களுக்கு கொலாஜன் புதுசு இல்லை, தெரியுமா? தீக்குச்சி முனையில் குளோரேட்டையும் மற்ற பொடிகளையும் உதிராமல் பிடித்து வைப்பது வஜ்ஜிரம். மாட்டுத் தோலையும் எலும்பையும் கொதிக்க வைத்து எடுக்கும் பசை அது. தோலில் இருக்கும் கொலாஜன் சூட்டில் பிரிந்தால் கிடைப்பதுதான் வஜ்ஜிரம். அதையே சுத்தமாக எடுத்தால் ஜெலட்டின். கொலாஜன் என்ற பெயரே பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

1922ஆம் ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ள கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. தீக்குச்சி மருந்துக்குள் இருக்கும் அந்தப் பசை, தோலுக்குள் உயிரோடு இருக்கும்போது என்ன வடிவத்தில் இருக்கும் என்பதை உலகத்துக்குச் சொல்லப்போகிற குழந்தை. பெயர் ராமச்சந்திரன். முழுப் பெயர் கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன். அறிவியல் உலகத்துக்கு ஜி.என்.ஆர்.

கணக்கு வாத்தியார் வீட்டுப் பையன்

கோபாலசமுத்திரம் நமக்குப் பக்கத்து மாவட்டம், திருநெல்வேலி. குடும்பத்தின் பூர்வீகம் அது. அப்பா நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். வீட்டிலேயே கணக்கு வாத்தியார் இருந்தால் பையனுக்கு இரண்டே வழி: கணக்கைக் கண்டு ஓடணும், இல்லேன்னா அதிலேயே மூழ்கணும். ராமச்சந்திரன் மூழ்கினார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்து, 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார்.

எந்தத் துறையில் சேர்ந்தார்னு நினைக்கிறீங்க? எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்! ஆமா, நம்ம இ.இ.இ. மக்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ஆனால் ரொம்ப நாள் இல்லை. அங்கே இயற்பியல் துறையில் சர் சி.வி. ராமன் இருந்தார். இந்தப் பையனின் கணக்கையும் யோசனையையும் பார்த்த ராமன், எலெக்ட்ரிக்கல் துறைத் தலைவரிடம் பேசி, அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். டிபார்ட்மென்ட் மாற நாம ஆபீஸ் ஆபீஸா அலைவோம். இவருக்கு நோபல் பரிசு பெற்றவரே வந்து மாற்றிக் கொடுத்தார்.

ராமனிடம் எக்ஸ்ரே, படிகங்கள், ஒளியியல் எல்லாம் கற்று 1947இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். அடுத்து கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்துக்குப் போய் இரண்டு ஆண்டுகளில் பிஎச்.டி. முடித்துவிட்டு, 1949இல் பெங்களூருக்கே திரும்பினார்.

29 வயசில் துறைத் தலைவர்

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்கு ஒரு தலைவரைத் தேடினார். ராமனைக் கேட்டபோது அவர் கை காட்டியது தன் மாணவரை. ராமச்சந்திரன் கிண்டி வளாகத்தில் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் பொறுப்பேற்றபோது வயது 29.

அந்தச் சமயத்தில் மெட்ராஸ் வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னாலிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் காதில் விழுந்தது: கொலாஜனின் அமைப்பை இன்னும் யாரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. நம்ம உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதமே அதுதான். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருப்பது அது. அமெரிக்காவின் லைனஸ் பாலிங் 1951இல் ஒரு மாதிரியை வெளியிட்டிருந்தார். அது எக்ஸ்ரே படங்களோடு ஒத்துப்போகவில்லை.

புதுசாகத் துறையைக் கையில் எடுத்தவர் நியாயமாகத் தனக்குத் தெரிந்த படிக இயற்பியலையே பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். ஜி.என்.ஆர். கொலாஜனைப் பிடித்தார்.

மாதிரிப் பொருளுக்கு எங்கே போவது? அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், சி.எல்.ஆர்.ஐ., பக்கத்தில் அடையாறிலேயே இருந்தது. செருப்பு, பெல்ட்டுக்குத் தோல் பதனிடும் முறைகளை ஆராயும் இடம். பதனிட்ட தோல் என்பதே குரோமியம் மாதிரி ரசாயனங்களால் இறுக்கப்பட்ட கொலாஜன்தானே! அங்கிருந்து ஜி.என்.ஆருக்குக் கிடைத்தது கங்காரு வாலின் தசைநாண். இழைகள் ஒரே திசையில் சீராக அடுக்கப்பட்ட, எக்ஸ்ரே படத்துக்குத் தோதான சரக்கு.

மூணு புரி

ஜி.என்.ஆரும் அவரோடு வேலை செய்த கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்ரே படங்களோடு மல்லுக்கட்டினார்கள். கையில் இன்னொரு துப்பும் இருந்தது. கொலாஜனில் இருக்கும் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே ரொம்பச் சின்னது கிளைசின்தான். அதன் பக்கக் கிளையில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. மூன்றில் ஒன்று என்பது சும்மா அமைந்த கணக்கா இருக்க முடியாது என்று அவர்கள் யோசித்தார்கள்.

விடை 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்தது. கொலாஜன் ஒற்றை இழை இல்லை. மூன்று சங்கிலிகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்த அமைப்பு. 1955இல் அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். ஒவ்வொரு சங்கிலியும் இடது பக்கம் முறுக்கிக்கொள்ளும். மூன்றும் சேர்ந்து வலது பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

கயிறு திரிப்பதைப் பார்த்தவங்களுக்கு இது சட்டென்று புரியும். புரியை ஒரு பக்கம் முறுக்கி, மூணு புரியையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும். ஒரு முறுக்கு அவிழப் பார்த்தால் இன்னொன்று இறுகும். கிணற்றுக் கயிற்றில் நம்ம ஆட்கள் காலங்காலமாகச் செய்கிற அதே வேலையை உடம்பு 1.5 நானோமீட்டர் தடிமனில் செய்துகொண்டிருக்கிறது.

கிளைசின் எதற்கு? மூணு புரியும் சேரும் நடு மையத்தில் இடமே கிடையாது. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவதாக வரும் அமினோ அமிலம் அந்த மையத்தைப் பார்த்து நிற்கும். அங்கே கிளைசினைத் தவிர வேறு எதுவும் ஒழுங்காக நுழையாது. ஒரு இடத்தில் கிளைசின் மாறிப் போனாலே முறுக்கு குலையும். தொட்டால் எலும்பு நொறுங்கும் பரம்பரை நோய்கள் பலவற்றுக்கு இந்த ஒரு இட மாற்றமே காரணம்.

அந்த அமைப்புக்கு மெட்ராஸ் டிரிபிள் ஹெலிக்ஸ் என்றே பெயர் நிலைத்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வெளியாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இரண்டு புரியின் கதை நமக்கெல்லாம் ஸ்கூலிலேயே தெரியும். மூணு புரியின் கதை கிண்டியில் நடந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கேம்பிரிட்ஜிலிருந்து வந்த அடி

இங்கேயே படம் முடிந்திருந்தால் சுபம். ஆனால் 1955இலேயே அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் ஒரு எதிர்ப்புக் கட்டுரை வெளியிட்டார்கள். டி.என்.ஏ. புகழ் கிரிக்கேதான். மூணு புரி என்ற அடிப்படையை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் ஜி.என்.ஆரின் மாதிரியில் சில அணுக்கள் ஒன்றோடு ஒன்று இடிக்கும் அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன, புரிகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு கிடையாது, ஒன்றுதான் என்று சொன்னார்கள்.

வசதி குறைந்த ஒரு ஆய்வகம். எதிரே கேம்பிரிட்ஜ். கோபப்படலாம், விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ஜி.என்.ஆர். ஒரு அடிப்படைக் கேள்வியைக் கையில் எடுத்தார்: இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கினால் உண்மையிலேயே இடிக்கும்? அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளைத் தேடி, அணுக்களுக்கிடையே இருந்த தூரங்களைத் தொகுத்து எல்லைகளை நிர்ணயித்தார்கள்.

அப்புறம் வந்தது அசல் இன்ஜினியரிங். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சுழலக்கூடிய மூட்டு இரண்டு. அந்த இரண்டு கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். ஃபையை எக்ஸ் அச்சிலும் சையை ஒய் அச்சிலும் வைத்து, ஒவ்வொரு கோண ஜோடிக்கும் அணுக்கள் இடிக்குமா இடிக்காதா என்று கணக்குப் போட்டால்? ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற இரண்டு மாணவர்களோடு சேர்ந்து அதைச் செய்தார். 1963இல் வெளியானது அந்த வரைபடம். முழுச் சதுரத்தில் சில சின்னத் தீவுகள் மட்டுமே புரதம் இருக்கக்கூடிய இடம். மீதி எல்லாம் இடிக்கும்.

அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். பயோடெக் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்க, செமஸ்டர் தவறாமல் வரும் கேள்வி. இன்றைக்கும் உலகில் எந்த ஆய்வகம் ஒரு புரதத்தின் அமைப்பைத் தீர்த்தாலும் அது சரியா என்று சோதிக்க இந்த வரைபடத்தில்தான் போட்டுப் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் கணித்துக் கொடுக்கும் அமைப்புகளுக்கும் இதே சோதனைதான்.

கொலாஜன் சண்டையில் யார் ஜெயித்தது? 1994இல் கொலாஜன் போன்ற ஒரு பெப்டைடின் படிகத்தைத் துல்லியமாகப் படம் எடுத்தார்கள். மூணு புரி உறுதியானது. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான், அதில் ரிச்சும் கிரிக்கும் சொன்னது சரி. நீர் மூலக்கூறுகள் பாலமாக நின்று புரிகளைப் பிணைப்பதும் தெரிந்தது. அப்படிப்பட்ட நீர்ப் பாலத்தை ஜி.என்.ஆர். 1968லேயே முன்வைத்திருந்தார். ஆக, ஒரு விவரத்தில் விழுந்த அடியிலிருந்து, கொலாஜனை விடப் பெரிய ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்விட்டார் மனுஷன்.

சரி, பாட்டிலுக்கு வருவோம்

ஜி.என்.ஆரின் மூணு புரியைக் கையில் வைத்துக்கொண்டு இப்போ லேபிளைப் படிங்க.

கொலாஜன் கிரீம்: ஒரு கொலாஜன் மூலக்கூறின் எடை சுமார் 3,00,000 டால்டன், நீளம் 300 நானோமீட்டர். தோலின் மேல் அடுக்கைத் தாண்டி உள்ளே போக 500 டால்டனுக்குக் கீழே இருக்கணும் என்பது பொதுவான கணக்கு. 600 மடங்கு வித்தியாசம்! வாசக்கதவு வழியா லாரியை விடுற கதை. மேலே படிந்து ஈரப்பதத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் கயிற்றோடு போய்ச் சேராது.

வைட்டமின் சி: மூணு புரி உடம்புச் சூட்டில் பிரியாமல் நிற்க, சங்கிலியில் உள்ள புரோலின்கள் பல ஹைட்ராக்சி புரோலினாக மாறணும். அந்த நொதிக்கு வைட்டமின் சி கட்டாயம். அது இல்லாமல்தான் அந்தக் காலக் கப்பல் மாலுமிகளுக்கு ஈறு கரைந்து, பழைய புண்கள் திறந்தன. ஸ்கர்வி என்பது கொலாஜன் அவிழும் நோய். நெல்லிக்காயும் கொய்யாவும் இந்த வேலைக்குப் போதும். பூசும் சீரத்துக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. ஆனால் காற்றும் வெளிச்சமும் பட்டால் அது கெட்டுப்போகும். பாட்டில் பழுப்பு நிறமாகிவிட்டதா? காசு போச்சு.

ரெட்டினால்: இது வைட்டமின் ஏ குடும்பம். தோலுக்குள் போய் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பிகளில் உட்காரும். புதுக் கொலாஜனைச் செய்யச் சொல்லும் மரபணுக்களைத் தூண்டும், கொலாஜனை வெட்டும் நொதிகளைக் குறைக்கும். சுருக்கத்துக்குப் பூசும் பொருட்களில் நல்ல ஆதாரம் உள்ளது இந்தக் குடும்பத்துக்குத்தான். ஆரம்பத்தில் தோல் சிவந்து உரியும். ராத்திரியில் மட்டும் பூசணும். கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாது. வீரியம் கூடிய டிரெட்டினாயினுக்கு டாக்டர் சீட்டு வேணும்.

பெப்டைட்: கொலாஜன் உடையும்போது வரும் சின்னத் துண்டுகளைப் போலவே செய்யப்பட்டவை சில. கயிறு அறுந்துபோச்சு, புதுசு திரிங்கன்னு செல்லுக்குப் பொய்த் தகவல் கொடுக்கும் ஐடியா. ஐடியா நல்லா இருக்கு. ஆதாரம் ரெட்டினால் அளவுக்கு இல்லை.

சன்ஸ்கிரீன்: உண்மையான ஹீரோ இதுதான். வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் தோலின் ஆழம் வரை போகும், பஸ் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும். தோல் செல்கள் அதற்குப் பதிலாகக் கொலாஜனேஸ் என்ற நொதியை அதிகமாகச் சுரக்கும். அந்த நொதி மூணு புரிக் கயிற்றைக் குறிப்பிட்ட ஒரே இடத்தில் வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுகள் உடம்புச் சூட்டிலேயே அவிழ்ந்து ஜெலட்டினாகிவிடும். புரியுதா? சாத்தூர் வெயிலில் மத்தியானம் பைக் ஓட்டும்போது உங்க தோலுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாக வஜ்ஜிரம் காய்ச்சுது! சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் காய்வதற்கு உதவிய அதே வறண்ட வெயில்தான் இது. எஸ்.பி.எஃப். எண் முக்கியமாகப் புற ஊதா பி கதிருக்கு. ஏ கதிருக்கு லேபிளில் பி.ஏ. எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி இருக்குன்னு பாருங்க. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இன்னும் மலிவு.

ஒரு எச்சரிக்கை. ஒரே வாரத்தில் வெள்ளையாக்கும் கிரீம்னு கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் டியூப்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். ஸ்டீராய்டு கொலாஜன் உற்பத்தியையே குறைக்கும். தோல் மெலிந்து, ரத்த நாளம் வெளியே தெரியும். இளமைக்காக வாங்கியது முதுமையைச் சீக்கிரம் கொண்டுவரும்.

கடைசி வருஷங்கள்

ஜி.என்.ஆர். கொலாஜனோடு நிற்கவில்லை. 1971இல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளே இருக்கும் உருவத்தை மீட்டெடுக்க ஒரு கணக்கு முறையை வெளியிட்டார். ஃபூரியே மாற்றத்துக்குப் பதிலாகக் கன்வல்யூஷன். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பேப்பரில் எதுக்குடா இதுன்னு நாம திட்டுற அதே கன்வல்யூஷன்தான்! சி.டி. ஸ்கேன் இயந்திரங்களில் பல பத்தாண்டுகள் ஓடிய முறைக்கு அந்தக் கட்டுரை ஒரு முன்னோடி.

முதலியார் துணைவேந்தர் பதவியிலிருந்து விலகிய பிறகு ஜி.என்.ஆர். மெட்ராஸை விட்டு பெங்களூர் போய், இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1977இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். பிற்காலத்தில் இந்தியத் தர்க்க சாஸ்திரத்தை பூலியன் கணிதத்தில் எழுதும் முயற்சியில் இறங்கினார். 1998இல் மனைவி ராஜலட்சுமி இறந்தது பெரிய இடி. பார்க்கின்சன் நோயும் அவரை முடக்கியது. 1999இல் சர்வதேசப் படிகவியல் சங்கத்தின் எவால்ட் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு கடைசி வரை வரவில்லை. 2001 ஏப்ரல் 7ஆம் தேதி சென்னையில் காலமானார்.

கங்காரு வால் கொடுத்த சி.எல்.ஆர்.ஐ. தன் அரங்கத்துக்கு டிரிபிள் ஹெலிக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. அதைவிட நமக்கு நெருக்கமான இன்னொன்று உண்டு. தீக்காயத்தின் மேல் போர்த்தும் கொலாஜன் படலங்களை உருவாக்கும் ஆராய்ச்சியும் அங்கே நடந்தது. வெந்த இடத்தை மூடி, ஈரம் வற்றாமல் காத்து, புதுத் தோல் ஏறி வளரச் சாரமாக நிற்கும் படலம் அது. பட்டாசு ஆலையில் விபத்து என்றால் என்ன என்று தெரிந்த ஊர் நம்ம ஊர். இங்கே கொலாஜனுக்கு அழகைவிட முக்கியமான வேலை இருக்கிறது.

இந்த வாழ்க்கையிலிருந்து நமக்கு ஒரு பழக்கம் கிடைத்தால் போதும். பெரிய இடத்திலிருந்து ஒரு பேச்சு வந்தால், அது கிரிக் சொன்னதானாலும் சரி, நடிகை சொல்ற விளம்பரமானாலும் சரி, அளந்து பார்க்கணும். எடை எவ்வளவு, இடம் எவ்வளவு, உள்ளே நுழையுமா, இடிக்குமா? 1,500 ரூபா கொலாஜன் கிரீமை அப்படி அளந்து பார்த்துட்டு, மீதிக் காசில் ஒரு சன்ஸ்கிரீனும் ஒரு கிலோ கொய்யாவும் வாங்குங்க மக்களே!